எதிர்க்கடையைப் பார்த்து

அந்தத் தெருவில் அவரைக் கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். அவர் விற்றது செருப்பு. ஷூவும் உண்டு, மழைக்காலத்தில் ரப்பர் பூட்ஸும் உண்டு. கண்ணாடி மட்டும் கிடையாது. ஆனால் நேர் எதிரே இருந்த இன்னொரு செருப்புக் கடையில் என்ன நடந்தாலும் மறுநாள் இவர் கடையிலும் அது நடந்துவிடும் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். பளிச்சென்று இருக்கிறவரைத்தானே கண்ணாடி என்பார்கள்.

இது பிறவி வியாதி அல்ல. காலணி வியாபாரிகள் சங்கம் ஒரு தடவை பெரிய ஹால் பிடித்து, கோட்டு போட்ட ஒருவரைக் கூட்டிவந்து பேச வைத்தது. கோட்டுக்காரர் காலை முழுக்க ஒரே சொல்லைப் போட்டு மென்றார்: பெஞ்ச்மார்க்கிங். "போட்டிக் கடையைப் பாருங்க. கண்ணை மூடிக்கிட்டு வியாபாரம் பண்ணாதீங்க. அடுத்தவன் என்ன செய்யறான்னு தெரியாதவனுக்குத் தான் என்ன செய்யறோம்னும் தெரியாது." கண்ணாடிக்கு மெய் சிலிர்த்தது. பிறகு சாப்பாடு போட்டார்கள். சாப்பாடு நன்றாக இருந்துவிட்டது, அதுதான் வினை. வயிறு நிறைந்த பிறகு ஒரு குட்டித் தூக்கம் போடாவிட்டால் அவருக்கு அன்றைய பொழுது ஓடாது. பிற்பகல் பேச்சுக்கு இருக்காமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். எழுந்தபோது கையில் பாதி வித்தை இருந்தது. முழு வித்தை தெரிந்தவனுக்குக்கூட இல்லாத தைரியம் பாதி வித்தைக்காரனுக்கு உண்டு.

அன்று முதல் காலையில் ஷட்டரைத் தூக்கும் முன் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, டீ கிளாஸோடு மின்கம்பத்தில் சாய்ந்து எதிர்க்கடையைப் பார்ப்பார். தான் பார்ப்பது யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். இவர் கண்ணை அகலத் திறந்துகொண்டே அப்படி நினைத்தார்.

எதிர்க்கடைக்காரர் சுவருக்குப் பச்சை அடித்தார். இவரும் பச்சை அடித்தார். அவர் அட்டைப் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கினார். இவர் கோபுரத்துக்குமேல் ஒரு பெட்டி கூடுதலாக வைத்தார். அது ஒரு பாட்டியம்மாளின் தோளில் விழுந்தது. அதுவரையாவது பரவாயில்லை. எதிர்க்கடையில் ஒருநாள் உட்காரும் பெஞ்சுகளையெல்லாம் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். ரெக்ஸின் கிழிந்து, புதுசு தைக்கப் போன பெஞ்சுகள். கண்ணாடி அன்றைக்கே தன் கடை பெஞ்சுகளைக் குடோனுக்கு அனுப்பிவிட்டார். செருப்புப் போட்டுப் பார்க்க வந்தவர்கள் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றார்கள். தள்ளாடியவர்கள் எட்டினதைப் பிடித்துக்கொண்டார்கள். எட்டியது பெரும்பாலும் மச்சானின் தலை.

மச்சான் என்றால் கண்ணாடியின் மனைவிக்குத் தம்பி. தெருவுக்கே அவன் மச்சான்தான். வருகிறவர்கள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து காலில் மாட்டிவிடுவது அவன் வேலை. அக்காவின் கல்யாணத்தோடு அக்கா வீட்டுக்கு வந்தவன், கடைக்கு மேலேயே மாடியில் அவர்களோடு இருந்தான். அடக்க ஒடுக்கம் என்று சொல்ல முடியாது. வாய் என்றால் அப்படி ஒரு வாய்.

"அத்தான், பெஞ்சை எடுத்தது என்ன ஐடியான்னு சொல்லிட்டா நானும் அதே ஐடியாவோட தலையைக் குடுப்பேன். நேத்து ஒருத்தர் முடியைப் பிடிச்சுக்கிட்டு ஷூ மாட்டினாரு."

"உட்கார வெச்சா சோம்பேறித்தனம் வருதுடா. நின்னா சீக்கிரம் வாங்கிட்டுப் போவாங்க. அங்க பாரு, அவரு எடுத்துட்டாரு."

"அவரு கடையில கூரை ஒழுகினா நாம ஓட்டை போடணுமா?"

"இதுக்குப் பேரு பெஞ்ச்மார்க்கிங்."

"பெஞ்சு போயிடுச்சு. இனி மார்க்குதான் மிச்சம். அதையும் எதிர்க்கடைக்காரர்தான் வாங்குவாரு. இது ஈயடிச்சான் காப்பி அத்தான். அவரு பேப்பர்ல ஈ ஒட்டியிருந்தா நாம ஒரு ஈயைத் தேடிப் பிடிச்சு ஒட்டறோம்."

பெஞ்சுகள் எதிர்க்கடைக்குத் திரும்பி வந்த அன்று இவருடையவையும் வந்தன. கண்ணாடி அதைத் தோல்வி என்று நினைக்கவில்லை. போட்டியில் பின்தங்காமல் இருக்கிறோம் என்று நினைத்தார்.

அவருக்கு உண்மையில் உறுத்தியது மச்சானின் இன்னொரு பழக்கம். வந்தவர்கள் கழற்றிப் போட்ட பழைய செருப்பை எடுத்துத் திருப்பி, தேய்ந்த இடத்தைப் பார்ப்பான். பார்த்துவிட்டு ஏதாவது சொல்வான். ஒரு பெண்மணி கூர்மூக்கு ஷூ கேட்டு வந்தபோது சொன்னது இது:

"வேணாங்க. உங்க விரல் அஞ்சும் கூட்டுக்குடும்பம். இந்த ஷூ தனிக்குடித்தனம். ஒரு வாரத்துல சண்டை வந்துடும்."

"அப்ப எது போடலாம்கறீங்க?"

"இங்க உங்க காலுக்கு அகலமா எதுவும் இல்ல. எதிர்க்கடையில பழுப்புக் கலர்ல ஒண்ணு வெச்சிருக்காங்க. போய்ப் போட்டுப் பாருங்க."

அந்தம்மாள் சிரித்துக்கொண்டே போனாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த கண்ணாடி பல்லைக் கடித்தார். கடையைத் தேடி வந்த மகாலட்சுமியைக் கைபிடித்து எதிரிக்குக் கட்டிக்கொடுக்கிறான் பாவி.

"திரும்ப வருவாங்க அத்தான். பிள்ளைங்களையும் கூட்டிட்டு வருவாங்க."

வந்தார்கள். அது கண்ணாடியின் கண்ணில் படவில்லை. போகிறவர்கள் எதிர்க்கடைப் பக்கம் போனார்கள், அது தெரிந்தது. வருகிறவர்கள் அவருடைய முதுகுப் பக்கமிருந்து வந்தார்கள்.

ஒரு கொளுத்தும் வெயில் நாளில் எதிர்க்கடை ஷோகேஸில், செருப்புகளுக்கு நடுவில், ஒரு குடை விரித்து வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடி கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். குடைதான். மழைக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. அவரோடு சேர்ந்து டீ குடித்த டைலர் கேட்டார், "என்னங்க, குடை எதுக்கு?"

"அதை யோசிக்கறவன் பின்னாடி நிப்பான். செய்யறவன் முன்னாடி நிப்பான்" என்றார் கண்ணாடி. மறுநாள் இவர் ஷோகேஸில் மூன்று குடைகள். செருப்புகள் இருட்டில் கிடந்தன. எதிரே, எதிர்க்கடைக்காரர் வாசலுக்கு வந்து நின்று வெகுநேரம் அந்தக் குடைகளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். தன் தொழில் நுட்பத்தைக் கண்டு எதிரி மிரண்டுவிட்டான் என்று கண்ணாடி அன்று மாடியில் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காலை வந்தது.

எதிர்க்கடைக் கல்லாவில் எப்போதும் உட்காருவது அந்தக் கடைக்காரரின் சொந்தத் தம்பி. அன்று உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். பின்னாலேயே அண்ணன் வந்து, படியில் நின்று, ஒரு துணிப்பையைத் தூக்கித் தெருவில் வீசினார்.

"சொந்தம் வேற, வியாபாரம் வேற. குடும்பத்து ஆளுங்களை வெச்சு மாரடிச்சது போதும். இன்னியோட சரி. இந்தப் படியை மிதிக்காதே."

தம்பி பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான். மின்கம்பத்தடியில் கண்ணாடியின் டீ ஆறிப்போயிருந்தது.

அந்த வாரம் எதிர்க்கடையில் கூட்டம் நெரிந்தது. கண்ணாடி மாடிக்கு வந்து மனைவியிடம் பேச்சை எடுத்தார். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"குடும்பத்து ஆளு கடையில இருந்தா கடை வளராது. இது சிஸ்டம்."

"எது சிஸ்டம்?"

"தம்பியை அனுப்பினதுலேருந்து அங்க கூட்டம் பாத்தியா?"

"பாதி விலைன்னு போர்டு தொங்குது. கூட்டம் வராம என்ன செய்யும்?"

"போர்டு நானும்தான் போட்டேன்."

"ஆமா, போட்டீங்க. பச்சை போட்டீங்க, குடை போட்டீங்க, போர்டு போட்டீங்க. இப்ப என் தம்பியை வெளிய போடணும். அதானே சுத்திச் சுத்தி வர்றீங்க?"

"நான் அப்படிச் சொல்லல."

"அவன் என் கையில வளந்தவன். ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்குங்க. அவன் இந்தப் படியிறங்கினா, அப்புறம் இந்த வீட்டுல உங்களுக்குச் சோறு இருக்கும். பேச்சு இருக்காது."

கண்ணாடி இரண்டு நாள் யோசித்தார். யோசித்தார் என்றால், மின்கம்பத்தில் சாய்ந்து கூட்டத்தை எண்ணினார்.

மூன்றாம் நாள் காலை, கடைக்கு முன்னால் ஆட்கள் இருக்கிற நேரமாகப் பார்த்து, அவர் மச்சானின் பையை எடுத்துக்கொண்டு படியில் வந்து நின்றார். மச்சான் தெருவில் ஷோகேஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சொந்தம் வேற, வியாபாரம் வேற" என்றார் கண்ணாடி. "குடும்பத்து ஆளுங்களை வெச்சு மாரடிச்சது போதும். இன்னியோட சரி. இந்தப் படியை மிதிக்காதே."

பையை வீசினார். மச்சான் அதைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், பிறகு வாய் விட்டுச் சிரித்தான். விளையாட்டு என்றே நினைத்தான்.

"அத்தான், வசனத்துல ஒரு எழுத்துகூட மாத்தலையே. ஆனா ஒரு தப்பு. அவரு இடது கையால வீசினாரு. நீங்க வலது கையால வீசிட்டீங்க."

டைலர் சிரித்தார். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்குக் காது மடல் சிவந்தது. அந்த நேரத்தில் அவருக்கு என்ன புத்தி வந்ததோ, படியிறங்கிப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு மறுபடி படியேறி, இடது கையால் வீசினார்.

பழக்கமில்லாத கை. பை கோணலாகப் போய் மின்கம்பத்தில் அடித்து விழுந்தது. உள்ளேயிருந்த சாப்பாட்டு டப்பா திறந்துகொண்டது. மத்தியானக் கூட்டத்தில் மாடியேற நேரமிருக்காது என்று காலையில் அக்கா கட்டிக்கொடுத்த சோறு தெருவெல்லாம் சிதறியது.

யாரும் சிரிக்கவில்லை. மச்சானின் முகத்தில் சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, எடுக்க மறந்த மாதிரி. பிறகு குனிந்து மூடியைத் தேடி எடுத்தான். மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான். அங்கே அக்கா நின்றிருந்தாள்.

"அக்கா, டப்பா நசுங்கிடுச்சு" என்றான். துடைக்கும் துணியை மடித்துப் படியில் வைத்துவிட்டுப் போனான்.

மனைவி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தட்டில் சோறு இருந்தது. பேச்சு இல்லை. கண்ணாடி இரண்டொரு தடவை உப்புக் குறைச்சல் என்று சொல்லிப் பார்த்தார். உப்பு டப்பா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. அவ்வளவுதான்.

கூட்டமும் வரவில்லை. வந்த சிலரும் உள்ளே எட்டிப் பார்த்து "மச்சான் இல்லையா?" என்றார்கள். "லீவா?" என்றார்கள். "அப்ப அப்புறம் வர்றோம்" என்றார்கள்.

அடுத்த வாரம் மின்கம்பத்தடியில் நின்றபோது அவர் எதிர்க்கடைக்குள் மச்சானைப் பார்த்தார். நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண்மணியின் காலடியில் மண்டியிட்டிருந்தான். பழைய செருப்பைத் திருப்பிப் பார்த்து ஏதோ சொன்னான். அந்தம்மாள் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த முகங்கள் எல்லாம் கண்ணாடிக்குத் தெரிந்த முகங்கள்.

மத்தியானம் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் புது டப்பா. கல்லாவைத் தாண்டி, கணவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குள் போனாள். காலி டப்பாவோடு அதே வழியாகத் திரும்பி வந்தாள். மறுநாளும் அப்படியே.

கண்ணாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் தானே தெருவைக் கடந்தார். இத்தனை காலம் பார்த்த கடைக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

"வாங்க அண்ணே, உட்காருங்க" என்றார் எதிர்க்கடைக்காரர். குரலில் அவ்வளவு மரியாதை. "பெஞ்சு புது ரெக்ஸின். நல்லா இருக்கும்."

"உங்க தம்பியை வேணாம்னு அனுப்பிட்டு என் ஆளை எடுத்திருக்கீங்களே, இது நியாயமா?"

"தம்பியை நான் ஏன் அனுப்பப் போறேன்? பஸ் ஸ்டாண்டுகிட்ட ரெண்டாவது கடை திறந்திருக்கோம். அங்க உட்கார்ந்திருக்கான். அன்னிக்கு அந்தப் பையில பழைய பேப்பர்தான் இருந்தது." அவர் வெட்கப்படுகிறவர் மாதிரி சிரித்தார். "அவனுக்குத் தலையைத் தொங்கப்போட வரல. ரெண்டு நாள் பழக்கினேன்."

கண்ணாடி திரும்பி, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் கடையைப் பார்த்தார்.

"சங்கத்துக் கூட்டத்துல நான் உங்களுக்குப் பின் வரிசையில இருந்தேன் அண்ணே. நீங்க சாப்பிட்டதும் கிளம்பிட்டீங்க. அதுக்கு அப்புறம்தான் அந்தக் கோட்டுக்காரர் விஷயத்துக்கே வந்தாரு. அடுத்தவன் எவ்வளவு தூரம் நடக்கறான், ஏன் களைப்பில்லாம நடக்கறான்னு அளந்து பாருங்க, அவன் செருப்பைக் கழட்டி மாட்டிக்கிட்டு நடக்காதீங்க, அது உங்க காலைக் கடிக்கும்னாரு. செருப்புக்காரங்ககிட்டப் பேசறோம்னு யோசிச்சு வந்திருக்காரு மனுஷன்."

"நான் அதைத்தான் செஞ்சேன்."

"இல்லண்ணே. நீங்க என் கடையைப் பார்த்தீங்க. நான் உங்க கடையிலேருந்து வர்றவங்களைக் கேட்டேன். உங்க ஆளு அனுப்பி நிறைய பேரு வந்தாங்க. நல்லா வாங்குவாங்க. ஆனா அடுத்த தடவை மறுபடி அங்கதான் போவாங்க. ஏங்க, இங்க என்ன குறைன்னு கேட்டேன். ஒரு குறையும் இல்ல, ஆனா அந்தப் பையன் பொய் சொல்ல மாட்டான்னாங்க. கேட்ட அத்தனை பேரும் அதே பதில். உங்ககிட்ட எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான். அவனைக் கூப்பிட்டுப் பார்த்தேன், வரல. அக்கா வீடு, அத்தான் கடைன்னுட்டான். விலைக்கு வர மாட்டான்னு தெரிஞ்சுது. நீங்களே அனுப்பினாத்தான் உண்டு. சரி, அனுப்புவீங்களான்னு ஒரு குடையை வெச்சுப் பார்த்தேன்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் கண்ணாடி சண்டையாவது போட்டிருப்பார்.

"மூணு குடை வெச்சீங்க அண்ணே. எனக்கே கொஞ்சம் சங்கடமாப் போச்சு."

மச்சான் அதே அறையில், நாலு எட்டுத் தள்ளி, ஒருவரின் குதிகாலைப் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. பைக்குள் இருந்தது பழைய பேப்பர் என்பதும் விழுந்திருக்கும். அவன் கை ஒரு கணம் நின்றது, பிறகு லேஸைக் கட்டத் தொடங்கியது. யாருடைய பொய்க்காகவும் இப்போது எழுந்து போக அவனுக்கு வேறு கடை இல்லை.

கண்ணாடி அவன் பக்கத்தில் போனார்.

"மச்சான், நடந்தது நடந்து போச்சு. உங்கக்கா என்கிட்டப் பேசறதே இல்லடா. வீட்டுக்கு வா."

"ஒரு நிமிஷம் உட்காருங்க சார். இவங்களை முடிச்சுட்டு வந்துடறேன்."

அத்தான் இல்லை. சார். கண்ணாடி புது ரெக்ஸினில் உட்கார்ந்தார். மச்சான் அந்த ஆளை முடித்தான். அடுத்தவரிடம் போனான். அவரை முடித்து அதற்கடுத்தவரிடம் போனான். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கடந்துதான் பெட்டி எடுக்கப் போனான். கோபமாகப் போகவில்லை, பெஞ்சில் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்கிற பார்வையோடு போனான். கடைசியில் அந்த இடத்தில் குழந்தையோடு ஒருத்தி உட்கார வந்து நின்றபோது கண்ணாடி எழுந்துகொண்டார்.

தன் கடைக்குத் திரும்பியதும் ஒரு பெரியவர் வந்தார். காலில் வீக்கம், பழைய செருப்பை ஓரமாக வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை போல, யார் என்று பார்க்காமல் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"தம்பி, இதுக்கு ஏதாவது பண்ணு."

கடையில் வேறு யாரும் இல்லை. கண்ணாடி மண்டியிட்டார். இத்தனை வருஷம் செருப்பு விற்றும் இன்னொருவர் காலை அவர் கையால் தொட்டதில்லை. எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. விரலையா, கணுக்காலையா? அழுத்தினால் வலிக்குமோ? அவர் தலை தானாக வாசல் பக்கம் திரும்பியது. எதிரே மச்சான் ஒரு காலைக் கையில் ஏந்தியிருந்தான். இடது கை குதிகாலுக்கு அடியில் இருந்தது. வலது கை தெரியவில்லை, பெஞ்சில் இருந்தவளின் முதுகு மறைத்தது. கண்ணாடி கழுத்தை நீட்டிப் பார்த்தார். இடது கையைப் பெரியவரின் குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, வலது கையைக் காற்றில் வைத்தபடி, எதிரே அந்த முதுகு நகரக் காத்திருந்தார்.

பெரியவர் பொறுத்துப் பார்த்தார்.

"என்னப்பா அங்க பாக்கறே? கால் இங்க இருக்கு."

பெரியவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி முகத்தைப் பார்த்தார்.

"நீ அந்தப் பையன் இல்லையே. அவன் எங்க?"

வேலையை விட்டுப் போய்விட்டான் என்று சொல்லியிருக்கலாம். ஊரை விட்டே போய்விட்டான் என்றும் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வீங்கிய கால் அவர் கையில் சூடாக இருந்தது.

"எதிர்க்கடையில இருக்கான்" என்றார்.

"என்னால தெருவைத் தாண்ட முடியாதேப்பா."

கண்ணாடி வெட்டின செருப்பை எடுத்து, தட்டுத் தடுமாறி, அந்தக் காலில் மாட்டிவிட்டார். பெரியவரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, வண்டிகளை நிறுத்தி, மெதுவாக எதிர்ப்பக்கம் கூட்டிப் போனார். மாடி ஜன்னலில் மனைவி நிற்கிறாளா என்று திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை. கையில் ஆள் இருந்தார்.

வாசலுக்கே வந்து மச்சான் பெரியவரை வாங்கிக்கொண்டான். "என்ன பெரியவரே, செருப்பைப் பிளேடு போட்டு ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க" என்றான். பெரியவர் பல்லில்லாமல் சிரித்தார்.

கண்ணாடி படியிலேயே நின்றார். மச்சான் ஏதாவது சொல்வான் என்று நின்றார். அவனும் தயங்கினான்.

"பார்த்துப் போங்க சார்" என்றான். "வண்டி வருது."

வண்டி வந்தது. அது போகும்வரை நின்றுவிட்டு அவர் இந்தப் பக்கம் வந்தார்.